ஒரு காதில் செயலி, ஒரு காதில் தேக்கா

போன இதழில், நிற்கும் இடத்தின் கதையைக் காதில் சொல்லும் ஒலி வழிகாட்டிச் செயலி ஒன்றை மாட்டிக்கொண்டு சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் ஒரு ஞாயிறு காலை நடந்ததைப் பற்றி இந்தப் பக்கத்தில் அரைப் பத்தி எழுதியிருந்தேன். அந்த அரைப் பத்திக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. வழக்கமான வாடகைத் தகராறு, மாமியார், முடி கொட்டுதல் கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன், மன்னிக்கவும். இந்த முறை முழுக்க நடைதான்.

மகன் என் போனில் ஏதோ ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்து, "தேக்காவை இதைக் கேட்டுக்கிட்டே ஒரு சுத்து சுத்திட்டு வாங்கம்மா" என்கிறான். லிட்டில் இந்தியாவில் நாற்பது வருடமாக வாரம் தவறாமல் மீனும் கீரையும் வாங்கப் போகிற இடம். எனக்குத் தெரியாததை அந்தக் குரல் என்ன சொல்லிவிடப் போகிறது?
— வாசகி, பொங்கோல்

அம்மா, நானும் இதையேதான் கேட்டேன், அதுவும் உங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் இறுமாப்போடு. அப்புறம் ஒருநாள் எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. அடுத்தடுத்த இரண்டு தெருவுக்கும் ஒரே பெயரை இரண்டு மொழியில் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் ஒரு காலத்தில் அந்த வட்டாரமே மாட்டு வியாபாரத்தில் பிழைத்தது. இத்தனை வருடத்தில் எனக்கு இது உறைக்கவே இல்லை. கேகே மருத்துவமனை இருக்கிறதே, அந்த இரண்டு 'கே'யும் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில். மூன்று பிள்ளைகளையும் அங்கே பெற்ற என் அக்காவிடம் இதைச் சொன்னேன், ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறோமே ரேஸ் கோர்ஸ் ரோடு, அங்கே நிஜமாகவே குதிரை ஓடியது. 1842-இல் வந்த பந்தயத் திடல் 1933-இல்தான் புக்கிட் தீமாவுக்குப் போனது. சிங்கப்பூர் வானத்தில் முதல் விமானம் பறந்ததும் அந்தத் திடலிலிருந்துதான், 1911-இல், ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஓட்டினார். டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் முகப்பில் சூரியன் மாதிரி ஒரு வேலைப்பாடு இருக்கிறது, 25 கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில். அதற்கு முன்னால் எத்தனை தடவை நடந்திருப்பேன் என்று கணக்கே இல்லை, ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை, ஒரு கையில் மல்லிகைப்பூவும் மறுகையில் தண்ணீர் சொட்டும் மீன் பையும் இருந்தால் யார்தான் அண்ணாந்து பார்ப்பார்கள்? செயலியின் குரல் "இங்கே நில்லுங்கள், மேலே பாருங்கள்" என்றது. நின்றேன், பார்த்தேன். அந்த உதவி அதனிடம் உண்டு, மறுக்க மாட்டேன்.

ஆனால் உங்களுக்குத் தெரிந்தது அதற்குத் தெரியாது, அது வேறு விஷயம். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலை எங்கள் அப்பாயி கடைசிவரை சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றுதான் சொல்வார், அந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் வந்த பெயர். (கம்பம் என்றதும் தேனிப் பக்கம் போய்விடாதீர்கள், இது மலாய்க்காரரின் கம்போங், அதாவது கிராமம்.) நான் கேட்ட செயலி அந்தக் கோயில் வாசலில் நாலு நிமிடம் பேசியது, இந்தப் பெயர் வரவே இல்லை. அதனால் ஒன்று செய்யுங்கள். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். மறு காது பூக்கடைக்காரருக்கும், சிக்னலில் திரும்பும் லாரிக்கும்.

ஐயா, துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை. ஊர் சிவகங்கை. வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஞாயிறு என்றால் தேக்கா, தேக்கா விட்டால் விடுதி. காசு செலவில்லாமல் ஒரு காலை நேரத்தில் பழைய சிங்கப்பூரை நடந்து பார்க்க வழி சொல்லுங்கள். போனில் டேட்டா குறைவு.
— வாசகர், துவாஸ்

தம்பி, சனிக்கிழமை ராத்திரியே விடுதி வைஃபையில் செயலியில் இருக்கும் நடைச் சுற்றுலாவை முழுசாகப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள், வரைபடத்தையும் சேர்த்து. பெரும்பாலான செயலிகளில் அதற்கு வசதி உண்டு. இறக்கிவிட்டால் நடக்கும்போது டேட்டா தேவையில்லை, இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்குக் காசு கிடையாது.

காலை எட்டு மணிக்குத் தஞ்சோங் பகார் நிலையத்தில் இறங்குங்கள். தெலுக் ஆயர் ஸ்திரீட்டின் தெற்கு முனைக்கு நடந்து போய், அங்கே செயலியைப் போடுங்கள். முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் நிற்கும் அந்தத் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. இன்றைக்கு அங்கிருந்து கடலைப் பார்க்க முடியாது, 1880-களில் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள், அதற்கப்புறம் இன்னும் இன்னும் தூர்த்தார்கள். கப்பலில் உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே சாமிக்கு நன்றி சொல்லக் கட்டியவைதான் அந்தத் தெருவில் வரிசையாக நிற்பவை. ஆகவே கட்டடங்களுக்கு முதுகைக் காட்டி, எதிர்ப்பக்கம் அலை அடிப்பதாக நினைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள், பிறகு திரும்பிப் பாருங்கள்.

முதலில் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827 வாக்கில் வெறும் குடிசையாக ஆரம்பித்தது, அதனால் நம் தமிழ் முஸ்லிம்கள் வைத்த பெயர் குச்சுப் பள்ளி. குச்சு வீடு என்று உங்கள் ஊரில் சொல்வீர்களே, அதே குச்சு. அடுத்து தியன் ஹொக் கெங், சீனர்களின் கடல் தேவதை மாசூவுக்கு 1839 முதல் 1842 வரை கட்டியது. அதைத் தாண்டினால் நாகூர் தர்கா. 1828-இலிருந்து 1830-க்குள் கட்டினார்கள். நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீதின் அடக்கம் நாகூரில் இருக்க, கடல் தாண்டி வந்தவர்கள் அவர் நினைவுக்கு இங்கே ஒன்று எழுப்பிக்கொண்டார்கள். முகப்பின் மேல்பகுதி ஒரு குட்டி அரண்மனை மாதிரி இருக்கும், உள்ளே இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம்.

அங்கிருந்து கிராஸ் ஸ்திரீட்டில் இடதுபக்கம் ஏறுங்கள். பழைய தமிழர் வாயில் அது பால்கடைச் சடக்கு. சடக்கு என்றால் இங்கே சாலை, வந்து இரண்டு வருடத்தில் யாராவது பெரியவர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மேலே போனால் சவுத் பிரிட்ஜ் ரோடு. இந்த இடத்தில்தான் செயலியை நிறுத்திவிட்டுத் தெருப் பலகைகளைப் படிக்கச் சொல்வேன். மாஸ்க் ஸ்திரீட், பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட். சைனாடவுனின் நட்ட நடுவில் மூன்று தெரு, மூன்றுக்கும் பெயர் கொடுத்தவை நம்மவர் கட்டியவை. மாஸ்க் என்பது தமிழகக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல், டெம்பிள் என்பது ஸ்ரீ மாரியம்மன் கோயில். பகோடா? சீனப் பகோடாவைத் தேடி அந்தத் தெருவில் அலைகிற சுற்றுப்பயணிகளைப் பார்த்திருக்கிறேன், பாவம். அது மாரியம்மன் கோயில் கோபுரம். கோபுரத்தைத்தான் வெள்ளைக்காரர் பகோடா என்று எழுதி வைத்தார்.

அந்தக் கோயிலுக்கு வழி செய்தவர் நாராயண பிள்ளை, 1819-இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸ் வந்த கப்பலிலேயே வந்தவர். இங்கே முதலில் செங்கல் சூளை வைத்தார், துணி வியாபாரம் செய்தார், கடை தீப்பிடித்துப் போய்க் கடனில் விழுந்து மறுபடி எழுந்தார். நீங்களும் கடன் வாங்கி வந்திருப்பீர்கள், அவர் கதையைக் கேட்கும்போது கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். மொத்த நடை இரண்டு கிலோமீட்டருக்குள். முடித்ததும் எதிர்ப்புறம் மேக்ஸ்வெல் உணவங்காடி இருக்கிறது, வயிற்றுக்கு வழி. கோயில் மத்தியானம் நடை சாத்திவிடும் என்பதால் அதற்கு முன் போய்விடுங்கள்.

ராஃபிள்ஸ் பிளேஸில் என் செயலிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆற்றங்கரையில் நிற்கிறேன், அது நான் நாலு தெரு தள்ளி நிற்பதாக நினைத்துக்கொண்டு வேறு கட்டடத்தின் கதையைச் சொல்கிறது. போன் பழுதா, செயலி மோசமா?
— வாசகர், புக்கிட் பாத்தோக்

இரண்டும் இல்லை. குற்றவாளி கண்ணாடிக் கட்டடங்கள். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து சிக்னல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத்தான் போன் நீங்கள் இருக்குமிடத்தைக் கணக்குப் போடுகிறது. அந்த வட்டாரத்தில் சுமார் 280 மீட்டர் உயரக் கோபுரங்களே பல இருக்கின்றன. சிக்னல் நேராக வராமல் ஒரு கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் பயணம் நீள்கிறது, போனோ அது நேராக வந்தது என்றே நம்பிக் கணக்குப் போடுகிறது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போய்விடும், ஆகவே துளித் தாமதமும் தரையில் பல மீட்டர் பிசகாகும். கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதைக்குள் நடந்தாலும் இதே தொல்லைதான், தலைக்கு மேல் கூரை.

செய்ய வேண்டியது: எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தவுடன் கிளம்பாமல், வானம் தெரிகிற இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள், வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி அடங்கட்டும். வைஃபை இணைப்பு இல்லாவிட்டாலும் வைஃபையைத் திறந்தே வையுங்கள், சுற்றியுள்ள வைஃபைகளை மோப்பம் பிடித்தும் போன் இடத்தைத் திருத்திக்கொள்ளும். பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பை நிறுத்துங்கள், திரை அணைந்ததும் செயலியைத் தூங்க வைப்பது அதுதான், பாதிப் புகார்களுக்கு அதுவே காரணம். அப்படியும் சரிவரவில்லை என்றால் தானாக ஒலிப்பதை அணைத்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தை விரலால் தொட்டுப் போடுங்கள். நான் நகர மையத்தில் எப்போதும் அப்படித்தான்.

ஒரு சின்னத் தகவல், நீங்கள் தவறான இடம் என்று திட்டிக்கொண்டு நின்ற பகுதி பற்றியே. அங்கிருக்கும் மார்க்கெட் ஸ்திரீட் நம்மவருக்குச் செட்டித் தெரு. கிட்டங்கிகளில் மரப்பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து செட்டியார்கள் வட்டிக்கணக்கு எழுதிய இடம், 1970-களில் இடித்துவிட்டு உயரக் கட்டடங்கள் எழுப்பினார்கள். அங்கே ஜிபிஎஸ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் காட்டுவதற்குக் கட்டடம் இல்லை. குரல் "கற்பனை செய்து பாருங்கள்" என்று சொல்லும், நீங்கள் கார் நிறுத்துமிட வாசலைப் பார்த்துக்கொண்டு கற்பனை செய்ய வேண்டும்.

கோயிலுக்குள் இயர்போன் போட்டுக்கொண்டு போகலாமா?
— வாசகி, செங்காங்

வேண்டாம். வாசலில் கேட்டு முடித்துவிட்டு, கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பள்ளிவாசலுக்கும் அப்படியே, வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பக்கம் சுற்றிப்பார்க்கவே போகாதீர்கள். என் பக்கத்தில் ஒருவர் தீபாராதனை நேரத்தில் காதில் மாட்டியபடி நின்றார், குருக்கள் தட்டை அவர் முன்னால் நீட்டிக் காத்திருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

மாரியம்மன் கோயிலை ஒரு செயலி 1827 என்கிறது, இன்னொன்று 1843 என்கிறது. கோயிலுக்குப் போய்வந்த என் தங்கை 1925 என்கிறாள். எதை நம்புவது? இந்தச் செயலிகள் வாய்க்கு வந்ததைத்தான் சொல்கின்றனவா?
— வாசகர், ஈசூன்

உங்களுக்குக் கிடைத்த மூன்றும் சரி. 1823-இல் நிலம் கிடைத்து, 1827-இல் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக எழுந்தது முதல் கோயில். 1843 செங்கல் கட்டடத்தின் ஆண்டு. ராஜகோபுரம் 1903-இல் வந்தது, இப்போது நாம் பார்க்கும் கோபுரம் 1925-இல் எழுந்தது. கோயிலுக்கு வயது கேட்டால் எந்தக் கல்லின் வயது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கோயில்களும் அப்படித்தானே, கருவறை ஒரு காலம், பிராகாரம் ஒரு காலம், கோபுரத்துக்கு வண்ணம் அடித்தது போன கும்பாபிஷேகத்தில். இரண்டு நிமிடத்தில் கதையை முடிக்க வேண்டிய குரலுக்கு ஒரே ஒரு ஆண்டுதான் கையில் நிற்கும். மற்றதை உதறிவிடுகிறது.

ஆகவே ஆண்டு இடித்தால் செயலியை உடனே அழித்துவிடாதீர்கள், "ஆரம்பித்ததா, கட்டி முடித்ததா, மறுபடி கட்டியதா" என்று பாருங்கள். கம்போங் கிளாமில் சுல்தான் பள்ளிவாசலும் இப்படித்தான்: முதல் பள்ளிவாசல் 1824, இன்றைய கட்டடம் 1932-இல் முடிந்தது. அதன் தங்கக் குவிமாடத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். பெரிய நன்கொடை கொடுக்க முடியாத ஏழைகளும் கட்டுமானத்தில் பங்கு பெற்றதாக இருக்கட்டும் என்று அவர்கள் தந்த புட்டிகளைப் பதித்தார்கள். இதை நான் முதலில் கேட்டபோது செயலிக்காரர் சுவைக்காகச் சேர்த்த கதை என்றுதான் நினைத்தேன். உண்மைதான், கீழே நின்று போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், புட்டி புட்டியாகத் தெரியும்.

நம்பக்கூடாதது எது என்று கேட்டால், "சொல்வார்கள்", "என்று ஒரு நம்பிக்கை" என்று இழுத்து, பின்னணியில் வயலினும் போட்டால் கொஞ்சம் உஷாராகிவிடுங்கள். அவ்வளவுதான் என் அளவுகோல்.

சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. ஆனால் நான் தேடிய நடைச் செயலிகளில் எல்லாம் ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ஜெர்மன். தமிழ் கிடைத்த ஒன்றிலும் இயந்திரக் குரல். நம் பெயர்களை அது கொலை செய்கிறது. நாம் என்ன செய்வது?
— வாசகி, தெம்பனிஸ்

அந்த இயந்திரக் குரலை நானும் கேட்டேன். 1827-ஐ "ஒன்று எட்டு இரண்டு ஏழு" என்று, நாலு நம்பர் லாட்டரி முடிவு வாசிக்கிற மாதிரி வாசித்தது. சிரிப்பு வந்தது, அடுத்த நிறுத்தத்தில் பிள்ளையைப் பில்லை ஆக்கியதும் கோபம் வந்தது.

ஆனால் ஒரு இடத்துக்குப் போய்ப் பாருங்கள். விக்டோரியா அரங்கத்துக்குப் பக்கத்தில், எம்பிரஸ் பிளேஸில் டல்ஹவுசி தூண் நிற்கிறது. 1850-இல் இந்திய கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு வந்துபோனதன் நினைவாக வைத்தது, அப்போது நம்மை ஆண்டது கல்கத்தா. தூணின் நாலு பக்கமும் நாலு மொழி: ஆங்கிலம், சீனம், அரபு வடிவ ஜாவி எழுத்தில் மலாய், தமிழ். சுதந்திரம் வருவதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே இந்த ஊரின் நாலு மொழி ஒரே கல்லில். நான் கேட்ட ஆங்கில நடையில் அந்தத் தூணுக்கு இருபது விநாடி ஒதுக்கியிருந்தார்கள், அதிலும் பாதி அது எகிப்தியத் தூண் மாதிரி இருக்கிறது என்பதற்கே போய்விட்டது. நான் தமிழ்ப் பக்கத்தின் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த ஒரு ஜெர்மன் தம்பதி "உங்களால் இதைப் படிக்க முடியுமா" என்று கேட்டார்கள். படித்துக் காட்டினேன். பழைய நடை, ஒரு மூச்சில் ஓடாது, தட்டுத்தடுமாறித்தான் படித்தேன், அவர்களுக்கு அது தெரியவில்லை, நல்லவேளை.

நாம் என்ன செய்யலாம் என்றால், இஸிடிராவல் மாதிரி சில தளங்களில் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஒலி நடை தயாரித்து ஏற்றலாம். பெரிய வேலை இல்லை. போனில் குரலைப் பதிவு செய்கிறோம், வரைபடத்தில் புள்ளி வைக்கிறோம். ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள், வெயிலில் நிற்பவர் அதற்கு மேல் தாங்க மாட்டார். விவரத்துக்குத் தேசிய மரபுடைமைக் கழகத்தின் தடக் கையேடுகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் பழைய தமிழ் முரசைத் தேடலாம், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய காலத்துப் பக்கங்களில் தெருப் பெயர்களை எப்படி எழுதினார்கள் என்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. அப்புறம் உங்கள் மாமா, பெரியம்மா யாராவது பழைய கதை சொன்னால் அதையே பதிவு செய்து போடுங்கள். உச்சரிப்புப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் மலாக்கா போகிறோம். அங்கேயும் இப்படி நடக்கலாமா? பிள்ளைகளுக்கு 9, 12 வயது.
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

தாராளமாக, ஜோகூரைத் தாண்டும் முன் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு. நடக்க வேண்டிய பழைய பகுதி சின்னது, 2008-இல் பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. எல்லோரும் ஜோங்கர் ஸ்திரீட்டில் தின்றுகொண்டே நிற்பார்கள், நீங்கள் அதற்கு அடுத்த தெருவுக்கு வாருங்கள். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், 17-ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில், மூன்றும் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில். விநாயகர் கோயில் மலாக்கா செட்டிகளுடையது. நம் முன்னோர் இந்தப் பக்கம் வருவதற்குப் பல நூறு ஆண்டு முன்பே வந்து, மலாய் பேசி, சாமிக்கு மட்டும் தமிழ்ப் பெயரை விடாமல் வைத்திருப்பவர்கள். பிள்ளைகளுக்கு அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தைச் சொன்னால் அவர்கள் செண்டோல் எங்கே என்று கேட்பார்கள். ஆளுக்கு ஒரு செயலி வேண்டாம். ஒரு போன், ஸ்பீக்கரில் சன்னமாக, எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். சின்னவனிடம் வரைபடத்தைக் கொடுத்து வழிகாட்டச் சொல்லுங்கள், வழி தப்பினால் தப்பட்டும்.

அப்பாவுக்கு 82 வயது, முழங்கால் வலி, காதும் மந்தம். அவருடைய அப்பா பாடாங் திடலில் நேதாஜி பேசியதை நேரில் கேட்டவராம். அந்த இடங்களை அப்பாவுக்கு ஒருமுறை நடத்திக் காட்ட ஆசை. செயலி வைத்து முடியுமா?
— வாசகி, உட்லண்ட்ஸ்

இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

முதலில் கால். கடைவீட்டு வட்டாரங்களைத் தவிருங்கள், ஐந்தடிப் பாதையில் வீட்டுக்கு வீடு படி ஏறி இறங்கும், முழங்கால் வலிக்கு அது எமன். பாடாங் பகுதி சமதரை. சிட்டி ஹால் நிலையத்தில் மின்தூக்கியில் ஏறி வெளியே வந்ததும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். அங்கேயே உட்கார வைத்து, அந்த வெள்ளைச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 1856 முதல் 1861 வரை அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். பூச்சுக்கு மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே பெயர்: சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர்.

பிறகு சாலையைக் கடந்தால் பாடாங். 1943 ஜூலை 5-ஆம் தேதி நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டுப் பேசியது இங்கேதான். அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார், மறுநாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறந்தது, அதில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். பாடாங்குக்கு எதிரே எஸ்பிளனேட் பூங்காவில், ராணுவத்தின் நினைவுச்சின்னம் நின்ற இடத்தில் ஒரு குறிப்புப் பலகை இருக்கிறது. 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டினார், செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள், இடத்தை அடையாளம் காட்டும் பலகை 1995-இல்தான் வந்தது.

செயலி? கேட்கும் கருவியில் புளூடூத் இருந்தால் நேராகவே இணைக்கலாம், கடைக்காரரிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் செய்து தருவார். இல்லாவிட்டால் காது மந்தமானவருக்குத் தெருச் சத்தத்தில் இயர்போன் வெறும் இரைச்சல்தான். நானாக இருந்தால் முதல்நாள் ராத்திரி நான் மட்டும் வீட்டில் கேட்டு வைத்துக்கொள்வேன். அங்கே போனதும் போனை எடுத்து, வழிகாட்டியைத் திறக்காமல், குரல்பதிவை அமுக்கிவிட்டு, "தாத்தா எங்கே நின்னாராம்பா?" என்று அப்பாவின் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து கேட்பேன். அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் ஆண்டு, தேதி என்று திருத்தாதீர்கள்.

காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். பாடாங்கில் நிழல் இல்லை, பூங்கா மரங்களுக்கு அடியில் இருக்கும் பெஞ்சுகளை ஒன்பது மணிக்கே பிடித்துவிடுவார்கள். குடையும் தண்ணீரும் மறக்க வேண்டாம், திரும்பும்போது டேக்சி எடுங்கள்.